பாதி வீடு எழுதிக் கொடுத்த பிறகு: கணவன் மனைவி சொத்து ஒப்பந்தம் மாறிய விதம்

பாளையங்கோட்டையில் ஒரு வீடு, சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை, டவுனில் வாடகை இடத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. இவற்றை வைத்து ஒரு கணவனும் மனைவியும் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அதை எப்படி மாற்றினார்கள் என்பதுதான் இந்த ஆய்வு. இது ஒரே குடும்பத்தின் கதை இல்லை. திருநெல்வேலிச் சீமையில் பல வீடுகளில் நடக்கிற விஷயங்களை ஒரு வீட்டில் சேர்த்து வைத்து எழுதியிருக்கிறேன். ஆட்கள் புனைவு. சட்டமும் தீர்ப்புகளும் உள்ளபடியே.

முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து

மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. 2006-ல் கல்யாணம், ஒரே மகள். 2014-ல் பாளையில் வீடு வாங்கினார்கள். கிரயப் பத்திரம் கணவர் பேரில். பணத்தில் பெரும்பகுதி மனைவியின் 45 பவுன் நகையை விற்றதும் அவருடைய சம்பளச் சேமிப்பும்தான். வீடு வாங்கும்போது பெண்ணின் நகை போவதும், பத்திரம் ஆண் பேரில் எழுதப்படுவதும் இங்கே அவ்வளவு சகஜம். அன்றைக்கு யாரும் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

2017-ல் கேள்வி வந்தது. கடைக்காகக் கணவர் வெளியே புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கியிருப்பது வீட்டுக்குத் தெரிந்து பெரிய சண்டை ஆனது. மனைவியின் அண்ணன்மார் வந்தார்கள், கணவரின் தாய்மாமா வந்தார். பேசி முடித்து, 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, நோட்டரியிடம் சீலும் வாங்கினார்கள். அதில் ஐந்து ஷரத்துகள். வீட்டுக்காக மனைவியின் நகைப் பணம் போயிருப்பதைக் கணவர் ஒப்புக்கொள்கிறார். ஆகவே வீட்டில் பாதி மனைவிக்குப் பாத்தியம். மனைவிக்கு அவர் தகப்பனார் எழுதிக் கொடுத்த நஞ்சையில் கணவர் உரிமை கோரமாட்டார், ஆனால் அதன் குத்தகை வருமானம் வீட்டுச் செலவுக்கு வர வேண்டும். கணவரின் தாயார் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் இருப்பார். கடைசி ஷரத்து: பிரிந்து வாழ நேர்ந்தால் மனைவி ஜீவனாம்சம் கேட்கமாட்டார்.

இதை எடுத்துக்கொண்டு பத்திர எழுத்தரிடம் போனபோது அவர் சரியாகவே சொன்னார்: இந்தத் தாளால் வீட்டில் ஒரு சதுர அடிகூட மாறாது. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமை உண்டாக்குகிற எழுத்து பதிவாக வேண்டும். நோட்டரி சீல் கையெழுத்துப் போட்டது இன்னார் என்று காட்டும், அவ்வளவுதான். நோட்டரி செய்துவிட்டால் பதிவு செய்த மாதிரி என்ற எண்ணம் நம் பக்கத்தில் படித்தவர்களிடமும் ஆழமாக இருக்கிறது, அதனால் எத்தனையோ பெண்கள் கையில் வெறும் தாளை வைத்துக்கொண்டு சொத்து இருப்பதாக நம்புகிறார்கள்.

சரி என்று 2018-ல் வீட்டின் பிரிபடாத பாதியைக் கணவர் மனைவிக்குச் செட்டில்மெண்ட், அதாவது பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம், எழுதிப் பதிவு செய்தார். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு அப்போது முத்திரைக் கட்டணம் மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 4,000. பத்திரத்தில் வழக்கமான வாசகங்கள் எல்லாம் இருந்தன. "உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்", "சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது", "இதை எக்காலத்திலும் ரத்து செய்யமாட்டேன்".

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர, கல்யாணம் ஆனதாலேயே ஒருவர் சொத்தில் மற்றவருக்குப் பங்கு உண்டாகிற முறை நம் நாட்டில் இல்லை. யார் பேரில் பத்திரமோ அவர்தான் உரிமையாளர். கணவன் மனைவிக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. ஒப்பந்தச் சட்டம், சொத்து மாற்றச் சட்டம், பதிவுச் சட்டம் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பதில் கிடைக்கும். இந்தத் தம்பதி தடுமாறியதற்கும் அதுதான் காரணம்.

மாற்ற நினைத்த விதம்

கொரோனா காலத்தில் கடை சரிந்தது. 2022-ல் மனைவி கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் எடுத்து மாடி கட்டி வாடகைக்கு விட்டார். 2024-ல் கணவரின் வெளிக்கடன் 18 லட்சத்தைத் தொட்டது. வீட்டை அடமானம் வைத்துக் கடனை அடைக்கலாம் என்று வங்கிக்குப் போனார். வில்லங்கச் சான்றைப் பார்த்த வங்கி, பாதிக்கு உரிமையாளர் மனைவி, அவர் கையெழுத்து வேண்டும் என்றது. மனைவி போட மறுத்தார்.

அப்புறம் நடந்தவை மூன்று.

முதலாவது, வாய்ப்பேச்சு. மாடி வாடகையைக் கணவரே வாங்கிக் கடனுக்குக் கட்டிக்கொள்ளட்டும், பாதி வீடு என்பதெல்லாம் பெயருக்குத்தான் என்று ஒரு சமாதானம். கொஞ்ச நாள் அப்படியே ஓடியது.

இரண்டாவது, ஒருநாள் இரவில் கணவரின் தம்பி முன்னிலையில் 2017 ஒப்பந்தத்தின் ஓரத்தில் "2-ஆம் ஷரத்து இன்று முதல் ரத்து" என்று பேனாவால் எழுதி மனைவியிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

மூன்றாவது, கணவர் மட்டும் போய் 2018 செட்டில்மெண்டுக்கு ரத்துப் பத்திரம் எழுதப் பார்த்தார். பத்திர எழுத்தர் சொன்ன பதில்: "அண்ணாச்சி, முன்ன மாதிரி இது இப்ப ஆகாது. மைனி வந்து கையெழுத்துப் போட்டா எழுதித் தாரேன்."

மூன்றில் ஒன்றுகூட நிற்காது. ஏன் நிற்காது என்பதில்தான் இந்த விஷயத்தின் சாரமே இருக்கிறது.

எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது

கணவன் மனைவி எழுதும் சொத்து ஒப்பந்தத்தில் இரண்டு வகைச் சரக்கு கலந்திருக்கும். ஒன்று வாக்குறுதி: இனிமேல் இப்படி நடந்துகொள்வேன், இந்த வருமானத்தை இதற்குத் தருவேன், இன்னாரைப் பார்த்துக்கொள்வேன். மற்றது கைமாற்றம்: இந்தச் சொத்து இன்றே உன்னுடையது. வாக்குறுதியை இருவரும் சேர்ந்து மாற்றலாம். கைமாற்றம் முடிந்துவிட்டால் அதற்குப் பிறகு மாற்றம் என்ற பேச்சே இல்லை. வாங்கியவர் விரும்பினால் புதிதாகத் திருப்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குடும்பங்களில் சண்டை முடிகிற இடம் தெரியாமல் நீள்கிறது.

முதலில் வாக்குறுதிப் பகுதி. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, இரு தரப்பும் சம்மதித்துப் பழைய ஒப்பந்தத்தை மாற்றினாலோ ரத்து செய்தாலோ புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டாலோ பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை என்கிறது. ஆக, 2017 தாளில் குத்தகை வருமானம் பற்றிய ஷரத்தை இருவரும் மனமொப்பி மாற்றலாம். ஆனால் அந்த மாற்றமும் ஒரு ஒப்பந்தம்தான், அதற்கும் சுதந்திரமான சம்மதம் வேண்டும். இரவில், கொழுந்தன் எதிரே உட்கார்ந்திருக்க, "போடு, எல்லாம் நம்ம குடும்பத்துக்குத்தானே" என்று வாங்கிய கையெழுத்தை அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்லும் தகாத செல்வாக்கு என்று மனைவி எதிர்க்கலாம், 19ஏ பிரிவின் கீழ் செல்லாததாக்கவும் கேட்கலாம்.

அந்த ஓரக் குறிப்புக்கு இன்னொரு குறையும் உண்டு. மனைவிக்குப் பாதி வீடு 2017 தாளால் வரவில்லை, 2018 பத்திரத்தால் வந்தது. தாளில் இருந்த 2-ஆம் ஷரத்து பத்திரம் பதிவான அன்றே தன் வேலையை முடித்துவிட்டது. முடிந்துபோன ஷரத்தை ரத்து செய்வதால் வீட்டில் எதுவும் மாறாது.

வாய்ப்பேச்சு மாற்றம் ஏன் நிற்காது? பழைய சாட்சியச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 95-ஆம் பிரிவு. பதிவு செய்யப்பட்ட எழுத்தையோ, சட்டப்படி எழுத்தில் இருக்க வேண்டிய ஒன்றையோ, பிறகு வாயால் மாற்றிக்கொண்டோம் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. மாடி வாடகையைக் கணவர் வாங்கியது மனைவி அனுமதித்தவரை சரி. அதனால் பாதி வீட்டில் அவருக்கு உரிமை திரும்பி வந்துவிடவில்லை.

இப்போது கைமாற்றம். 2018 செட்டில்மெண்ட், சட்டத்தின் பார்வையில் ஒரு தானம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு தானத்தை ரத்து செய்ய மிகக் குறுகிய வழிதான் விடுகிறது. கொடுத்தவரின் விருப்பத்தைச் சாராத ஏதாவது ஒரு நிகழ்வு நடந்தால் தானம் முடியும் என்று இருவரும் முன்பே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அல்லது, பணம் வாங்காமை என்ற காரணம் தவிர, ஒரு ஒப்பந்தத்தை ரத்து செய்யக்கூடிய மோசடி, வற்புறுத்தல் போன்ற காரணம் இருக்க வேண்டும். நான் நினைத்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுதினால் அந்த அளவுக்குத் தானமே செல்லாது. இந்தத் தம்பதியின் பத்திரத்தில் அப்படி எதுவுமில்லை, ரத்து செய்யமாட்டேன் என்றுதான் இருக்கிறது.

ஒரு காலத்தில் எழுதிக் கொடுத்தவர் மட்டும் போய் ரத்துப் பத்திரம் பதிவதும், அது வில்லங்கச் சான்றில் ஏறுவதும், எழுதி வாங்கியவருக்கு வருஷக்கணக்கில் தெரியாமலே இருப்பதும் நடந்தன. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, கிரயப் பத்திரத்தை ஒருதலையாக ரத்து செய்வது செல்லாது என்றது. 2022-ல் இன்னொரு முழு அமர்வு, 126-ஆம் பிரிவுக்குள் வராத செட்டில்மெண்டுகளுக்கும் அதே நிலைதான் என்று தெளிவாக்கியது. பத்திர எழுத்தர் "முன்ன மாதிரி ஆகாது" என்றது இதைத்தான். அவரைப் போல மறுத்து அனுப்புகிறவர்கள் செய்வது பெரிய உதவி. கணவர் நீதிமன்றம் போய் 2018 பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் அதற்குக் காரணம் வேண்டும், காரணம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷக் காலவரம்பும் உண்டு. கடன் ஏறிவிட்டது என்பது காரணமாகாது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தை அடிக்கடி கேட்கிறேன். பராமரிக்காவிட்டால் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கலாமே என்பார்கள். அது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. 60 வயது நிறைந்த ஒருவர், தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்துக்கு உரியது. ஐம்பது வயதுகூட ஆகாத கணவர் மனைவிக்கு எழுதியதற்கு அது பொருந்தாது.

ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்ற ஐந்தாம் ஷரத்து? அது எழுதிய நாளிலிருந்தே செத்த எழுத்து. பராமரிப்பு உரிமையை விட்டுக்கொடுக்கும் உடன்பாடு பொதுக் கொள்கைக்கு எதிரானது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் சண்டை தீர்க்க உட்காருகிற பெரியவர்கள் இந்த வரியை மறக்காமல் எழுதச் சொல்கிறார்கள். சட்டத்தில் உயிர் இல்லை என்றாலும் அந்த வரி ஒரு பெண்ணை வருஷக்கணக்கில் பயமுறுத்தி வைக்கும். எழுதவே கூடாத வரி அது.

"அன்பினாலும் பிரியத்தினாலும்" என்ற வாசகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எதிர்ப்பயன், அதாவது பதிலுக்கு ஒன்று, இல்லாத வாக்குறுதி செல்லாது என்பது பொது விதி. நெருங்கிய உறவினருக்குள் இயல்பான அன்பினால் எழுதிப் பதிவு செய்தால் செல்லும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் விலக்கு. ஆனால் 1900-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த ராஜ்லக்கி தேவி வழக்கில், கணவன் மனைவிக்குள் சண்டை என்று பத்திரமே சொன்னதால், அங்கே அன்பு எங்கே இருந்தது என்று கேட்டு நீதிமன்றம் அந்த வாக்குறுதியை ஏற்கவில்லை. ஆகவே சண்டைக்குப் பிறகு எழுதும் ஒப்பந்தத்தில் அன்பை மட்டும் நம்பக் கூடாது. நீ இதைச் செய், நான் அதைச் செய்கிறேன் என்று இரு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் 25-ஆம் பிரிவின் தயவே தேவையில்லை. 2018 பத்திரத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. முடிந்துபோன தானத்துக்கு எதிர்ப்பயன் கேட்பதில்லை.

தனித்தனியாகப் பேசியபோது

ரத்துப் பத்திரம் நடக்காத பிறகுதான் இருவரும் ஆலோசனைக்கு வந்தார்கள். ஒரே வக்கீலிடம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம் என்றார் கணவர். வேண்டாம் என்று சொல்லி, மனைவி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனார். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. சம்பளம் வாங்கும் ஆசிரியைக்கும் உண்டு. இது தெரியாமல் அண்ணன்மார் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிற பெண்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம்.

தனியாகக் கேட்டபோது மனைவி சொன்னது: "பாதி வீட்டுக்காக நான் சண்டை போடல சார். அந்த 45 பவுன் எங்க போச்சுன்னு நாளைக்கு எம்பொண்ணு கேட்டா காட்டுததுக்கு ஒரு எழுத்து வேணும். அவுக கடன அடைக்கணும்னா என் வயல்ல கொஞ்சம் விக்கலாம். வீட்ட மட்டும் வைக்க விடமாட்டேன்."

கணவரைத் தனியாகக் கேட்டபோது அவர் கவலை கடனில் இல்லை. "எங்கம்மைய எங்க போய் வைப்பேன்? முழு வீடும் அவ பேருக்குப் போயிட்டா நாளைக்கு அவ அண்ணன்மாரு பேச்சக் கேட்டு வெளிய அனுப்பிட்டா?"

எட்டு மாதச் சண்டையில் இந்த இரண்டு பேச்சும் ஒருவர் காதில் மற்றவருக்கு விழவேயில்லை. வீட்டில் பாதியா முழுதா என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டது ஒருவருக்கு நகைக்கான எழுத்து, மற்றவருக்குத் தாயாருக்கு ஒரு கூரை. இரண்டையும் பத்திரத்தில் கொண்டுவர முடியும்.

புதிய ஏற்பாடு

கணவரின் தம்பி ஒரு யோசனை சொன்னார்: இரண்டு பேர் பேரிலும் வேண்டாம், மகள் பேரில் எழுதிவிடுவோம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மகளுக்கு வயது 16. மைனர் பேரில் சொத்து போய்விட்டால், 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்பா அம்மாவால் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. படிப்புக்கு, வைத்தியத்துக்கு என்று தேவை வரும்போது குடும்பம் கைகட்டி நிற்கும். பிள்ளை பேரில் எழுதுவது சமாதானம் போலத் தெரியும், உண்மையில் முடிவைத் தள்ளிப் போடுவதுதான். அந்த யோசனை கைவிடப்பட்டது.

தாய்மாமா வேறொன்று சொன்னார்: குடும்ப ஏற்பாடாக வாயால் பேசி முடித்து, பேசியதை ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும், பதிவு எதற்கு? அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1976-ல் உச்ச நீதிமன்றம் காலே வழக்கில், முன்பே வாயால் முடிந்த குடும்ப ஏற்பாட்டை நினைவுக்காகக் குறிக்கும் தாளுக்குப் பதிவு வேண்டியதில்லை என்றது. ஆனால் அந்தத் தாளே உரிமையை உண்டாக்கினால் பதிவு வேண்டும். இங்கே கணவர் பேரில் இருக்கும் பாதி புதிதாக மாறப்போகிறது. வாய்ப்பேச்சில் மாறாது.

முடிவான ஏற்பாடு இது. மனைவி சாலையோரமாக இருக்கும் 40 சென்ட் நஞ்சையை விற்று 18 லட்சம் கடனை அடைப்பார். கணவர் தன்னிடம் மீதியிருக்கும் பாதி வீட்டையும் மனைவிக்குச் செட்டில்மெண்ட் எழுதுவார், தனக்கும் தன் தாயாருக்கும் ஆயுள்கால வசிப்பு உரிமையை அதிலேயே ஒதுக்கிக்கொண்டு. கொடுத்தவர் ஆயுள் உள்ளவரை வீட்டில் இருந்துகொண்டாலும் தானம் செல்லும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் ரேணிகுண்ட்லா ராஜம்மா வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் கணவர் பயந்தபடி நடக்க வழியில்லை. வசிப்பு உரிமை வில்லங்கச் சான்றிலும் தெரியும், பிற்பாடு மனைவி வீட்டை விற்றாலும் வாங்குகிறவர் அந்த உரிமைக்கு உட்பட்டே வாங்க வேண்டும்.

வரிசை மிக முக்கியம். கடன் இருக்கும்போதே கணவர் தன் பாதியை மனைவிக்கு எழுதினால், கடன்காரர்களை ஏமாற்ற எழுதியது என்று அவர்கள் சொத்து மாற்றச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போடலாம். மனைவி முதலில் நிலத்தை விற்றுக் கடனை அடைத்து, அப்புறம் கணவர் எழுத மறுத்தால் அவர் நிலமும் போய் வீடும் போய் நிற்பார். நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் பிசானப் பருவ நெல்லை அறுத்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். காலையில் சேரன்மகாதேவியில் கிரயம். வாங்கியவர் பணத்தை மனைவியின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப, அங்கிருந்து கடன்காரர் கணக்குகளுக்குப் போய், புரோநோட்டுகள் கைக்கு வந்தன. மதியம் பாளையங்கோட்டையில் செட்டில்மெண்ட். 2023 ஜூலையிலிருந்து குடும்பச் செட்டில்மெண்டுக்கு முத்திரைக் கட்டண உச்சவரம்பு 40,000, பதிவுக் கட்டண உச்சவரம்பு 10,000. வழிகாட்டி மதிப்புப்படி 25 லட்சம் வந்த பாதிக்கு 25,000-மும் 10,000-மும் ஆனது.

மூன்றாவதாக ஒரு தாள். 2017 ஒப்பந்தத்துக்கு மாற்று ஒப்பந்தம். அதில் நான் மிகவும் வலியுறுத்துகிற விஷயம், பழைய தாளைக் கிழிக்கக் கூடாது என்பது. சமாதானம் ஆனதும் பழைய எழுத்தைக் கிழித்துப் போடுவதை நல்ல சகுனமாக நினைக்கிறார்கள். ஆனால் வீட்டில் நகைப் பணம் போனது என்று கணவர் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான். நகைக்கடையில் ரசீது இல்லை, 2014 கிரயப் பத்திரத்தில் ஒரு வரி இல்லை. பதிவில்லாத அந்தத் தாள் வீட்டை மாற்றித் தராது, ஆனால் அந்த ஒப்புதலைக் காட்ட உதவும். முத்திரைக் கட்டணம் குறைவென்றால் அபராதம் கட்டிய பிறகு நீதிமன்றம் அதைப் பார்க்கும்.

ஆகவே புதிய ஒப்பந்தம் பழையதைத் தேதியோடு சொல்லித் தொடங்கியது. முதல் ஷரத்து அப்படியே தொடர்கிறது என்றும், 40 சென்ட் விற்ற பணத்தால் கணவரின் கடன் அடைந்ததும் அதில் சேர்கிறது என்றும் எழுதப்பட்டது. இரண்டாம் ஷரத்து 2018 பத்திரத்தால் நிறைவேறிவிட்டது. மூன்றாவது மாறியது: மீதி 80 சென்ட் குத்தகை வருமானம் மனைவி விருப்பப்படி. நான்காவது செட்டில்மெண்டுக்குள் போய்விட்டது. ஐந்தாவது அடியோடு நீக்கம். கடைசியில், இனி எந்த மாற்றமும் இருவரும் தனித்தனி ஆலோசனை பெற்று எழுத்தில் செய்து பதிவு செய்தால் மட்டுமே செல்லும் என்று ஒரு வரி. கட்டாயம் இல்லாவிட்டாலும் இந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்தார்கள். பதிவான எழுத்துக்கு எதிராக நாளை யாரும் வாய்ப்பேச்சைக் கொண்டுவர முடியாது என்பதுதான் காரணம்.

வரி விஷயத்தில் ஒன்று மட்டும். கணவர் தானமாகக் கொடுத்த பங்கிலிருந்து வரும் வாடகை, மனைவி கையில் வந்தாலும், வருமான வரிக்குக் கணவர் வருமானத்தோடு சேர்த்தே கணக்காகும். பல வீடுகளில் இதை மறந்து பிறகு நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

வேறு குடும்பங்களில்

மேலப்பாளையத்தில் ஒரு முஸ்லிம் தம்பதி என்றால் கணக்கு வேறு. ஹிபா என்கிற தானத்தை வாயாலேயே கொடுக்கலாம். கொடுப்பதாகச் சொல்லி, வாங்குபவர் ஏற்று, அனுபவமும் கைமாறினால் பதிவில்லாமலே செல்லும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கணவன் மனைவிக்குள் முழுமையான ஹிபாவைத் திரும்பப் பெறவும் முடியாது. பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவத் தம்பதி விவாகரத்து வரை போனால், 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, கல்யாணத்துக்கு முன்போ பின்போ எழுதிய சொத்து ஏற்பாடுகளை விசாரித்து உத்தரவிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறது.

இந்துக் குடும்பங்களில் கவனிக்க வேண்டிய வேறொரு இடம் உண்டு. மனைவிக்கு எழுதும்போது "ஆயுள் உள்ளவரை அனுபவித்துக்கொள்ள மட்டும், விற்க உரிமையில்லை" என்று எழுதுகிறவர்கள் அதிகம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், அப்படிப் பத்திரம் வழியே கட்டுப்பாட்டோடு வந்த உரிமை கட்டுப்பாட்டோடேயே இருக்கும் என்று 2-ஆம் உட்பிரிவு சொல்கிறது. ஆனால் ஜீவனாம்சம் போன்ற முன்பே இருந்த உரிமைக்குப் பதிலாகக் கொடுத்திருந்தால் அது முழு உரிமையாகிவிடும் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதற்காகக் கொடுக்கிறோம் என்று பத்திரத்தில் எழுதும் ஒரு வரி, பிற்பாடு ஒரு பெண்ணின் முழுச் சொத்தையும் தீர்மானிக்கக்கூடும். பத்திர எழுத்தரின் பழைய நகலிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டுவதைப் பார்க்கும்போது மனசு பதைக்கிறது.

இந்த வீட்டில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதிய பத்திரம் வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டது, பட்டா மாற்றத்துக்கும் மனு கொடுத்தாயிற்று. உயில் எழுதவில்லை. மனைவி உயிலில்லாமல் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி வீடும் 80 சென்ட் நஞ்சையும் கணவருக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். நஞ்சை மகளுக்கே முழுதாகப் போக வேண்டும் என்பது அவர் விருப்பம். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும், எப்போது வேண்டுமானாலும் தனியாகவே மாற்றி எழுதலாம். பள்ளித் தேர்வுகள் முடிந்து மே மாத விடுமுறையில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.